பலகையில் வேலை பார்க்கும் ஷமீம்

ஷமீம் இறந்துவிட்ட செய்தியை அவருடைய தம்பி காலையில் போனில் சொன்னான். நெஞ்சுவலி, அரக்கோணம் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். அடக்கம் முடிந்து திரும்பும்போது, அவர் முன்பு வேலை பார்த்த திருத்தணி மறுவாழ்வு மையத்துக்கும் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன். ஷமீம் பெயரை எடுத்ததுமே, என்னைப் பேசவிடாமல், "ஆங், மேடம்தாங்க கேஸ் பாத்துகினு இருக்காங்க, பேஷண்ட இட்டுகினு வாங்க" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

நாங்கள் இருவரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள். பக்கவாதம் வந்தவர் மறுபடி தானே சட்டை மாட்டவும் சோறு பிசைந்து சாப்பிடவும் பழக்குவது எங்கள் தொழில். அதற்குப் பதிவு வேண்டும். உதவியாளர் செய்தால் பதிவு பெற்றவர் மேற்பார்வை பார்க்க வேண்டும். அந்த மேற்பார்வையை என்ன லட்சணத்தில் செய்கிறார்கள் என்பது ஷமீமுக்கும் எனக்கும் நன்றாகத் தெரியும். பலகையில் ஒரு பெயரும் பதிவு எண்ணும் இருந்தால் போதும், அந்த ஆள் எந்த ஊரில் இருந்தால் என்ன!

அந்த மையத்தில் ஷமீம் விடுப்பில் இருந்த ஒருநாள், திருவாலங்காட்டிலிருந்து வந்த கரும்பு விவசாயி ஒருவரை உதவியாளரிடம் தனியாக விட்டுவிட்டார்கள். செயலிழந்த கையைக் கப்பிக் கயிற்றில் மாட்டி இழுத்ததில் தோள்மூட்டு இறங்கிவிட்டது. மறுநாள் உரிமையாளர், "நேத்து நீங்க கூட இருந்தமாதிரி ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க மேடம், ஃபைலு சரியாப்பூடும்" என்றார்.

"கையெழுத்து என்னுது. தோளு அவருது. அது சரியாப்பூடுமா?" என்று கேட்டார் ஷமீம். உதவியாளரை ஒரு வார்த்தை திட்டவில்லை. "அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? தனியா வுட்டவங்கள கேளுங்க."

அவர் அப்பா லாரி மெக்கானிக். அப்பாவின் பழைய திருப்புளி எப்போதும் ஷமீமின் பையில் இருக்கும். நோயாளிகளின் வாக்கரில் தளர்ந்த திருகாணிகளை முடுக்க உதவும். அன்று ஸ்டூல் மேல் ஏறி, எல்லார் எதிரிலும் தன் பெயர்ப் பலகையைக் கழற்றினார். "எம் பேரு இருக்கற எடத்துல எங் கண்ணும் இருக்கணும். இல்லன்னா ரெண்டுமே வாணாம்."

வேலை போயிற்று. கொஞ்ச நாளில் அதே பெயரில் புதுப் பலகை மாட்டிவிட்டார்கள். அதிகாரிகளுக்கு மனு மேல் மனு போட்டார் ஷமீம். எட்டிப் பார்க்க ஆளில்லை. ராங்கிக்காரி என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். வேறு மையங்களும் கூப்பிடாததால் மணவூர், திருவாலங்காடு என்று வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்த்தார். அந்த விவசாயி தன் கையால் சாப்பிடும்வரை விடவில்லை. இப்படிப்பட்டவரைச் செத்த பிறகும் வேலை வாங்குகிறார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

தம்பி அந்தத் திருப்புளியை, "நீங்க வெச்சிக்கோங்க அக்கா" என்று கொடுத்தான். மறுநாளே மையத்துக்குப் போனேன். காத்திருந்தவர்களிடம், "இந்தம்மா இறந்துட்டாங்க. உள்ள யாரு பாக்கறாங்கன்னு கேளுங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் பலகையைக் கழற்றினேன். உரிமையாளர் வாசல்வரை பின்னாலேயே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, "அப்போ உங்க பேர போட்டுக்கறேங்க. மாசத்துக்கு ஒருவாட்டி வந்துட்டுப் போனா போதும்" என்றார்.

பெயர் இருக்கும் இடத்தில் கண்ணும் இருக்க வேண்டும் என்று ஷமீம் சொன்னதையே அவரிடம் மறுபடி சொல்லிவிட்டு வந்தேன். திருப்புளி இப்போது என் பையில் இருக்கிறது. எங்கேயாவது பலகையில் என் பெயரைப் பார்த்தால், உள்ளே போய் என்னைக் கூப்பிடுங்கள். நான் வரவில்லை என்றால், கழற்றிவிடுங்கள்.