பனியை நக்கிய மகள்

கொடைக்கானல் மலையில் உள்ள பூண்டியில் எங்களுக்குக் காய்கறித் தோட்டம். என் மகள் மலருக்கு அப்போது நான்கு வயது. தலையில் பொருக்குப் பொருக்காகப் புண், காதில் ஓயாத சீழ். நடுக்கும் குளிரிலும் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பாள், படுக்கையை நனைப்பாள். தலைக்கு எண்ணெயும் காதுக்குச் சொட்டு மருந்தும் போட்ட நான், படுக்கை நனையக்கூடாதென்று தண்ணீரைக் குறைத்தேன்.

ஒருநாள் விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் பார்த்தால், முட்டைக்கோஸ் இலையில் படிந்த உறைபனியை நக்கிக்கொண்டிருந்தாள். பதறிப்போய்க் கொடைக்கானலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கிருந்த இளம் பெண் மருத்துவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "தலை, காது, தாகம்னு தனித்தனியாப் பாக்காதீங்கம்மா. மூணும் ஒரே நோயா இருக்கலாம். தண்ணிய மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீங்க, உசுருக்கே ஆபத்து" என்று சொல்லி, உடனே மதுரைக்கு அனுப்பினார்.

அவர் சந்தேகித்தது சரிதான். ஒருவகை வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகி, தோல், காது, உடலில் நீரைக் காக்கும் மூளைச் சுரப்பி எனப் பல உறுப்புகளைத் தாக்கும் அபூர்வ நோய் என்று சதைப் பரிசோதனையில் தெரிந்தது.

ஓராண்டு ஊசி மருந்து. மலைப்பாதை நெடுக வாந்தி எடுத்துக்கொண்டே வருவாள். ஆஸ்பத்திரியிலோ தானே கையை நீட்டி, "வெரசா குத்துங்கக்கா, பஸ் போயிரும்!" என்பாள். நர்சுகளே அசந்துபோவார்கள்.

இன்று பள்ளிக்கு ஓடுகிறாள். தாகத்துக்கான மருந்து மட்டும் தொடர்கிறது. எந்தக் குழந்தை தண்ணீர் கேட்டாலும் நான் இப்போது முதலில் கொடுத்துவிடுகிறேன். ஏன் இவ்வளவு தாகம் என்று அப்புறம்தான் கேட்கிறேன். ஆனால், கேட்காமல் விடுவதில்லை.