உரலில் உட்கார்ந்த இசோபே

கியோட்டோ பல்கலைக்கழகத்தின் பாலிமர் துறையில் இசோபே நட்சுயோவைப் பற்றிப் பேச்சு வந்தால், அவள் எடுத்த அளவுகளை யாரும் சொல்வதில்லை. உரலில் உட்கார்ந்த கதையைத்தான் சொல்வார்கள். அதில் அவளுக்கு வருத்தம் உண்டு, கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்போது அவள் உதவி ஆராய்ச்சியாளர். நிலவறையில், சூடு மாறாத பெட்டிக்குள், ரப்பர் போன்ற ஒரு பாலிமர் பட்டையில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தாள். பட்டை நீள நீள, அதோடு இணைத்த சிறு கண்ணாடி சுவரில் வீசும் ஒளிப்புள்ளி நகரும். டிசம்பரில் புள்ளி நின்றுவிட்டது போலத் தெரிந்தது.

"நின்னாச்சு, கழட்டிடு" என்றார் பேராசிரியர் குசுமோட்டோ. பின்னிக்கிடக்கும் சங்கிலி மூலக்கூறுகள் நழுவிக்கொண்டேதான் இருக்கும், பொறுத்தால் திடப்பொருளும் ஒழுகும் என்று வகுப்பில் சொல்பவரும் அவரே. பொறுப்பதுதான் அவருக்கு வராது. நட்சுயோ கழற்றவில்லை.

ஆண்டு முடிவில் துறையே கூடி, வேகவைத்த ஒட்டரிசியை உரலில் இடித்து மோச்சிப் பலகாரம் செய்யும். ஒட்டரிசியின் மாச்சத்தும் நீண்ட சங்கிலிகள்தான், ஆகவே அது தங்கள் சொந்தப் பண்டிகை என்பது அவர்கள் வாதம். அந்த ஆண்டு மழை. தோட்டத்து உரலைத் தாழ்வாரத்துக்கு உருட்டி வந்தார்கள். அதற்கு நேர் கீழே, நிலவறையில்தான் பட்டை தொங்கியது. வாங்கிய அடியை அந்தப் பட்டை லேசில் மறக்காது. இரண்டு இடி விழுந்தால் இலையுதிர்காலம் முழுக்க எடுத்த அளவு பாழ்.

நட்சுயோ மேலே வந்தாள். சுத்தமான துணியொன்றை விரித்து உரலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிம்மா இசோபே, சோறு ஆறுது!" என்றார் குசுமோட்டோ.

"ஆறட்டும் சென்செய். ஆறினா ஏன் இறுகுதுன்னு உங்க பாடத்துலயே இருக்கு."

"கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போற வயசுல உரல்ல உட்காந்திருக்கியே, வெக்கமா இல்ல?"

"மாப்பிள்ளையவிட உரல் வசதியா இருக்கு."

விரிவுரையாளர் ஓனிஷி மோச்சி இடிக்கும் மரச் சம்மட்டியைத் தோளில் ஏற்றினான். "அப்படியே இடிச்சிரட்டுமா?"

"இடி. உன் மோச்சி மாதிரி நான் ஒட்டிக்க மாட்டேன், ஓனிஷி."

எல்லாரும் சிரித்தார்கள், குசுமோட்டோ தவிர. கடைசியில் உரலை உலோகவியல்காரர்களின் கொட்டகைக்குக் கொண்டுபோவதாக அவர் வாக்குக் கொடுத்த பிறகே இறங்கினாள். மழையில் உருட்டிப்போனவர்கள் அவளுக்கு ஒரு துண்டு மோச்சிகூட அனுப்பவில்லை.

வசந்தத்தில் புள்ளி இரண்டு விரற்கடை தள்ளியிருந்தது. பட்டை நிற்கவே இல்லை, ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

மாநாட்டில் குசுமோட்டோ, "நாங்கள் பொறுமையோடு காத்திருந்தோம்" என்று தொடங்கினார்.

பின்வரிசையில் நட்சுயோ எழுந்தாள். "காத்திருந்தது நான், சென்செய்."

அவர் திரையில் அடுத்த படத்துக்குப் போகப் பார்த்தார். இவள் நின்றுகொண்டே இருந்தாள், அவர் இவள் பெயரைச் சொல்லும்வரை.