சின்னத் தொரையையும் கட்டுங்க

செல்வராஜ் போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது நான் பசறைப் பக்கம் ஒரு வீட்டாரோடு தொலைபேசியில் வாதாடிக்கொண்டிருந்தேன். "பார்சல் வருது, நாயைக் கட்டுங்க" என்று நான் சொல்ல, "அது ஒன்னும் செய்யாதுங்க மிஸ், வரச் சொல்லுங்க" என்று அந்த அம்மா சொல்ல, வழக்கமாக நடக்கிற சண்டைதான். மேசைமேல் இருந்த என் சொந்தப் போன் அடித்தது. செல்வராஜின் மனைவி சாந்தி. எடுத்தேன். பின்னால் யாரோ ஓவென்று அழுவது மட்டும் கேட்டது. ஒரு காதில் அந்த அழுகை, மறு காதில் "ஹலோ, மிஸ், இருக்கீங்களா? ஒன்னும் செய்யாதுங்க." இரண்டு போனையும் வைக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கருமாதிக்கு அச்சடிக்கிற சிறு புத்தகத்தில் நீங்களும் எழுதுங்கள் என்று சாந்தி கேட்டாள். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்று அச்சகத்தில் சொன்னார்கள். பதுளையில் எங்கள் பார்சல் அலுவலகத்தில் நான் மேசையிலும் அவன் மோட்டார் சைக்கிளிலுமாக எத்தனையோ வருஷம் வேலை பார்த்தோம். என்னைவிட இளையவன். அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவனை அவர் என்று எழுதினால் வேறு யாரையோ எழுதுகிற மாதிரி இருக்கிறது. அவன் என்றே எழுதுகிறேன். கோபிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலர் அவனை வாசலில்தான் கண்டிருப்பீர்கள். மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக நின்று "பார்சலுங்க" என்று ஒரு குரல் கொடுப்பான், நீங்கள் வாங்கிக்கொண்டு உள்ளே போயிருப்பீர்கள். அந்த வாசலுக்கு வந்து சேர அவன் என்ன பாடுபட்டான் என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. உங்கள் வீட்டு நாய்க்குத் தெரியும்.

காலையில் அவன் வண்டியில் பார்சல்களைக் கட்டிக்கொண்டிருக்கும்போது நான் வீடு வீடாகப் போன் எடுத்து விலாசத்தைச் சரிபார்ப்பேன். அதுதான் என் வேலை. நாயைக் கட்டச் சொல்வது என் வேலையில் சேர்ந்ததல்ல. அவன் வந்த பிறகு சேர்ந்துகொண்டது. ஆரம்பத்தில் ஒரு நாள், முழங்காலுக்குக் கீழே கிழிந்து தொங்குகிற காற்சட்டையோடு வந்து நின்றான். "இந்த வீட்டுக்காரம்மா 'ஒன்னும் செய்யாது, வாங்க வாங்க'ன்னு கூப்புட்டாங்கக்கா. நானும் நம்பிப் போனேன்." பல் தோலில் படவில்லை, துணியோடு போயிற்று. அன்றைக்கு அவன் சொன்னதுதான் பிறகு அலுவலகத்தில் எல்லோர் வாயிலும் புழங்கியது. "ஒன்னும் செய்யாதுன்னு சொன்னா பின்னுக்கு வந்துருங்க. கடிக்கும்னு சொன்னா தைரியமாப் போங்க, அவங்க கட்டி வச்சிருப்பாங்க."

நாய்களை அவன் தொரை என்றுதான் சொல்வான். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தோட்டத்தை நிர்வகிக்கிறவர் பெரிய தொரை, அவருக்கு அடுத்தவர் சின்னத் தொரை. வாசல் கேற்றடியில் ஒரு நாய் உறுமிக்கொண்டு நின்றால் இவன் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "தொரை, சொகமா இருக்கீங்களா? ஒரு பார்சல் குடுத்துட்டு உடனே போயிர்றேன்" என்பானாம். ஹெல்மெட்டை ஏன் கழற்றுகிறாய், தலைக்கு அதுதானே காவல் என்று கேட்டேன். "எங்கப்பா தொரையக் கண்டா தலைத்துண்டக் கழட்டிட்டு ஓரமா நிப்பாரு. நான் நாயக் கண்டா ஹெல்மெட்டக் கழட்டிட்டு நிக்கிறேன். பரம்பரத் தொழிலுங்கக்கா" என்றான். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. அவன் சிரிக்கவில்லை. ஹெல்மெட் தெரிந்தால் நாய்க்கு வெறி கூடுகிறது, முகம் தெரிந்தால் கொஞ்சம் யோசிக்கிறது என்று பிறகு சொன்னான்.

எல்ல என்ற சுற்றுலா ஊர்ப் பக்கம் ஒரு விடுதியில் நடந்ததை அவனே பல பேரிடம் சொல்லியிருப்பான். நான் போனில் கேட்டதைச் சொல்கிறேன். பகல் சாப்பாட்டு நேரம். "அக்கா, பெரிய தொரை என்னைய மதில் மேல ஏத்தி வச்சிருக்காரு." பின்னால் நாய் குரைக்கிற சத்தம் போனைப் பிளந்தது. கன்றுக்குட்டி அளவு நாய் என்றான். விடுதி முதலாளிக்குப் போன் எடுத்தேன். அவர் கொழும்பில் இருந்தார். "அது நல்ல நாய், பேர் சொல்லிக் கூப்பிட்டா வாலாட்டும்" என்றார். பேரைக் கேட்டு இவனுக்குச் சொன்னேன். இவன் மதில் மேலிருந்து கூப்பிட, நாய்க்கு ஆத்திரம் இன்னும் அதிகமாயிற்று. எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பதுளையில் உட்கார்ந்துகொண்டு எல்லயில் நிற்கிற நாயை நான் என்ன செய்ய? போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தேன். அவனும் பேசினான். சுற்றுலாவுக்கு வந்த வெள்ளைக்காரி ஒருத்தி தன்னைப் படம் பிடிக்கிறாள் என்றான், சிரிக்கவா வேண்டாமா என்று கேட்டான். கடைசியில் விடுதித் தோட்டக்காரர் வந்து நாயை இழுத்துப் போனார்.

பயமில்லாதவன் என்று அவனைப் பற்றி இங்கே சிலர் எழுதக்கூடும். நம்பாதீர்கள். சாயங்காலம் தேத்தண்ணி குடிக்கும்போதே மறுநாள் பட்டியலில் நாய் உள்ள வீடுகளை அவன் எண்ணுவதை நான் பார்த்திருக்கிறேன். "ஒவ்வொரு கேற்றத் தொறக்கறப்பவும் பயமாத்தான் இருக்குக்கா" என்பான். பார்சலைக் கொடுக்காமல் திருப்பிக்கொண்டு வந்தால் முறைப்பாடு என்று அவன்மேல் ஒரு புகார் எழுதுவார்கள். நாய் நின்றது என்று சொன்னால் அது காரணமாகாது. கெட்டித் தோலில் முழங்கால் வரை சப்பாத்து வாங்கித் தரும்படி மேலிடத்தில் கேட்டான். 'வீடுகளில் நாய்கள் இருப்பின் கவனமாகச் செல்லவும்' என்று ஒரு தாள் வந்தது. அதைச் சுவரில் ஒட்டினார்கள். அதற்குக் கீழே அவன் பேனாவால் 'நாய்களும் கவனிக்கவும்' என்று எழுதி வைத்தான். அந்தத் தாள் இன்னமும் அங்கேதான் இருக்கிறது. எனக்கு அதைக் கிழிக்கவும் மனமில்லை, பார்க்கவும் முடியவில்லை.

இத்தனை வருஷத்தில் அவனை ஒரு நாயும் கடித்ததில்லை. துணி போயிருக்கிறது, பை போயிருக்கிறது, ஹெல்மெட்டில்கூடப் பல் தடம் இருக்கிறது. உடம்பில் ஒரு பல் பதிந்ததில்லை. அது அவனுக்குப் பெருமை. அதனாலேயே அவன் ஒரு நாய்க்கடி ஊசியும் போட்டுக்கொண்டதில்லை.

மடுல்சீமைக்கு மேலே ஒரு தோட்டம். மழை பெய்தால் வண்டியைப் பாதி வழியில் விட்டுவிட்டு, பார்சலைத் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைக்குள் ஏற வேண்டும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. கொழும்பில் கடை வேலைக்குப் போயிருக்கிற அப்பா, மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து அனுப்பியிருந்தார். அந்த வீட்டு நாயைப் பற்றி எங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் காலையிலேயே போன் எடுத்தேன். தாய் மல்லிகாதான் பேசினாள். "சங்கிலி போட்டுக் கட்டிட்டேங்க மிஸ். பயப்படாம வரச் சொல்லுங்க." சொன்னபடியே கட்டியிருந்தாள். கொடுமையே அதுதான். யார்மேலாவது கோபப்படலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

அந்த நாய்க்கு ஒரு குட்டி இருந்தது. நாயைக் கட்டச் சொன்னேன், நாயைக் கட்டினாள். குட்டியை யார் நாய் என்று நினைக்கிறோம்? அவன் குனிந்து சப்பாத்துப் பெட்டியைக் கொடுக்கும்போது அது விறகுக் கட்டுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து, கையைக் கவ்விவிட்டுப் போயிருக்கிறது. சாயங்காலம் வந்து கையை நீட்டிக் காட்டினான். "இன்னைக்கு சின்னத் தொரை வந்து கைகுடுத்தாருக்கா." கட்டைவிரலுக்குப் பக்கத்தில் தேயிலைக் குச்சி கீறினது போல ஒரு சிவப்புக் கோடு.

"ஊசி போட்டுட்டு வா" என்றேன்.

"அட, குட்டிதானக்கா. பல்லே சரியா மொளைக்கல. ஒன்னும் செய்யாது."

அந்த வார்த்தையை அவன் தன் சொந்த வார்த்தையாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாளும் சொன்னேன். சனிக்கிழமை போகிறேன் என்றான். அந்தச் சனிக்கிழமை லொறி நிறையப் பார்சல் வந்து இறங்கியது. அடுத்த வாரம் கேட்டபோது கீறல் ஆறிவிட்டிருந்தது. ஆறிப்போன கீறலைக் காட்டிக்கொண்டு எப்படிக்கா வரிசையில நிக்கிறது என்று அவன் கேட்டான். அதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. யாரிடம் சொல்ல?

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள், கை எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றான். காய்ச்சலும் இருந்தது. மழையில் நனைந்ததால் என்று நினைத்தோம். இரண்டு நாள் கழித்து அலுவலகத்தில் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். வாயருகே கொண்டுபோனவன் தொண்டை இழுத்துக்கொண்டு கோப்பையைத் தள்ளிவிட்டான். தேத்தண்ணி மேசையெல்லாம் ஓடியது. "என்னமோ தெரியலக்கா, குடிக்க ஏலாம இருக்கு." மின்விசிறிக் காற்றுப் பட்டதற்கே உடம்பு தூக்கிப்போட்டது. அந்தக் குட்டியின் கடிதான் என்று எனக்கு விளங்கிவிட்டது. சாந்தியை வரச்சொல்லி, ஒரு ஓட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

எந்த நாய் கடித்தது என்று டொக்டர் கேட்டார். "சின்னத் தொரைதான்" என்றான் என்னைப் பார்த்து. சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

டொக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னார். பொறுமையாகத்தான் சொன்னார். சாந்திக்கு அவ்வளவாகச் சிங்களம் வராது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னக்கா சொல்றாரு?"

"ஒன்னும் செய்ய முடியாதாம்" என்றேன்.

வாழ்நாளெல்லாம் நாங்கள் சண்டை பிடித்த அந்த வார்த்தைக்குள் இன்னொரு வார்த்தையை நுழைத்து என் வாயாலேயே சொன்னேன். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவள் அழக்கூட இல்லை. "ஊசி இருக்குதானேக்கா, அதப் போடச் சொல்லுங்க" என்றாள். இனி அந்த ஊசியால் பயனில்லை என்பதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றைக்கு அவனுக்குத் தெளிவு இருந்தது. என்னைக் கூப்பிட்டு, "அந்த வீட்டுக்குப் போன் போடுங்கக்கா. அந்தப் புள்ள பொறகு குட்டியத் தூக்கி மடியில வச்சிருந்துச்சு" என்றான். நாங்கள் எல்லோரும் இவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பிள்ளையைப் பற்றி ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வராந்தாவில் நின்று போன் எடுத்தேன். குட்டி எங்கே என்று கேட்டேன். "அது அப்பவே செத்துப்போச்சுங்க மிஸ். அந்த அண்ணன் வந்துட்டுப் போயி ரெண்டு மூணு நாளுல."

"புள்ளையக் கடிச்சிச்சா?"

"வெளாட்டுக்குக் கவ்வும். ஒன்னும் செய்யலைங்க."

"மல்லிகா, புள்ளையத் தூக்கிட்டு இப்பவே வா. நீயும் ஊசி போடணும்."

"மழைல ரோட்டுல மண்ணு சரிஞ்சிருக்குங்க. பஸ் இல்லையே." பிறகு மெல்லக் கேட்டாள். "அந்த அண்ணனுக்கு என்னங்க மிஸ்?"

வா என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அன்று முழுக்க அவன், "வந்தாங்களாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பேச்சுக் குழறத் தொடங்கிய பிறகும் அது மட்டும் விளங்கியது. மறுநாள் காலையில் மல்லிகா பிள்ளையோடு வந்து சேர்ந்தாள். தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறியில் ஏறி, மண் சரிந்த இடத்தில் இறங்கி நடந்து, மறுபக்கம் பஸ் பிடித்து வந்திருந்தாள். பிள்ளையின் காலில் அந்தப் புதுச் சப்பாத்து, சேறு படிந்திருந்தது. இரண்டு பேருக்கும் ஊசி போட்டார்கள். நான் ஓடிப்போய் அவன் அறை வாசலில் நின்றேன். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளாமல் இருக்க, மெல்லிய துணியால் அவன் கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கட்டுங்க, கட்டுங்க என்று ஊரெல்லாம் சொன்ன வாய் என்னுடையது. கிட்டப் போய், "வந்துட்டாங்க செல்வா, ஊசி போட்டாச்சு" என்றேன். கண்ணைத் திறந்தான். கேட்டதா, கேட்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. சாந்தி தினமும் அதையே என்னிடம் கேட்கிறாள். அவனுக்குக் கேட்டிருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

பிள்ளைக்கு இதுவரை போட வேண்டிய ஊசியெல்லாம் போட்டாயிற்று. பள்ளிக்கூடம் போகிறாள். அவள் இருமினாலும் மல்லிகா எனக்குப் போன் எடுக்கிறாள். நான் தைரியம் சொல்கிறேன். சொல்லிவிட்டு எனக்கே தூக்கம் வருவதில்லை.

அவன் போன பாதையில் இப்போது வேறொருவர் போகிறார். காலையில் நான் போன் எடுக்கிறேன். "நாயைக் கட்டுங்க. சின்னத் தொரை இருந்தா அவரையும் கட்டுங்க."

"யாருங்க மிஸ்?"

"குட்டிங்க. குட்டி இருந்தா அதையும் கட்டுங்க."

சிரிக்கிறார்கள். "குட்டி என்னங்க பண்ணும்? அது ஒன்னும் செய்யாதுங்க."

முன்பென்றால் சண்டை பிடிப்பேன். இப்போது அதற்குத் தெம்பில்லை. "நான் போனை வைக்கல, நீங்க போயிக் கட்டிட்டு வாங்க" என்கிறேன். எல்லயில் அவன் மதில் மேல் இருந்தபோது பிடித்துக்கொண்டிருந்தது போலவே போனைக் காதோடு பிடித்துக்கொள்கிறேன். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். கட்டிப்போட்ட குட்டி சிணுங்குகிற சத்தம் கேட்கும்வரை நான் போனை வைப்பதில்லை.