பாதி இறங்கிய பங்குக் கணக்கு

எங்கள் அலுவலகத்தில் வருமான வரிக் கணக்கு பார்க்கும் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் கடித்துக் குதறிவிடுவார்.

அன்று ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். பங்குத் தரகர் நிறுவனத்தின் விற்பனை விவரம் வரி மென்பொருளில் பாதிதான் இறங்கியிருந்தது.

"திரும்பத் திரும்ப அமுக்கினேன்மா. வந்ததே ரெண்டு ரெண்டா வருது, வராதது வரவே மாட்டேங்குது."

"அமுக்கிக்கிட்டே இருந்தா வந்துடுமா? பழைய பங்குக்கு வாங்கின விலை இல்ல, அதான் விட்டுடுச்சு. விலையோட தனி ஃபைல் இருக்கும், அதை ஏத்தணும்."

சீறியபடியே அக்கா இரட்டிப்பானவற்றை அழித்துவிட்டு அந்த ஃபைலை ஏற்றினார். எல்லாம் முழுதாக வந்துவிட்டது.

அதைக் கவனிக்காமல் டிரைவர், பங்கு விவரம் எழுதிய காகிதத்தை விரித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார். "நான் படிக்கிறேன், நீங்க அடிங்க. வீட்ல எப்பவும் அப்படித்தான். அவதான் அடிப்பா. இந்த வருஷம் அவ இல்ல."

அக்கா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "படிங்கப்பா."

ஒவ்வொரு பங்கையும் படித்துவிட்டு, "ஏறிடுச்சாம்மா?" என்று கேட்டார். விசைப்பலகையின்மேல் சும்மா விரல்களை ஓட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அக்கா சொன்னார்: "ஏறிடுச்சுப்பா."