வெள்ளிக்கிழமைக் காளான்

மேச்சேரியில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. ஆட்டுக்குப் பேர்போன ஊராயிற்றே என்று எதிரிலிருக்கும் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகிறேன். சுவரில் மாதா படம்.

"வெள்ளிக்கிழமை சுத்தபோசனமுங்க. கறி ஆக்க மாட்டோம்" என்கிறார் கடைக்கார அம்மா. வாசலில் கட்டியிருக்கும் ஆடு நிம்மதியாக அசைபோடுகிறது.

ஆனால் கடை முழுக்கக் கறிக்குழம்பு வாசம். இலையில் விழுவதோ நேற்றைய இடிமழைக்குப் புற்றில் முளைத்த காளான். பட்டை, கசகசா, சின்ன வெங்காயம், எதிலும் குறை வைக்கவில்லை. வெட்கத்தை விட்டு மூன்றாம் முறை சோறு கேட்கிறேன்.

"இவ்வளவு ருசியாகச் சாப்பிட்டால் அது என்னம்மா விரதம்? உங்கள் கோயில் சாமியார் ஒன்றும் சொல்ல மாட்டாரா?"

"சொல்லாம இருப்பாருங்களா? போன வாரம் குடுத்தனுப்புன குழம்புல காரம் பத்தலைன்னு சொல்லி உட்டாருங்க."