பயணி இரண்டு

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. இது நடந்தது. எனக்கே நடந்தது. தேதியும் நேரமும் அச்சடித்த காகிதம் ஒன்று என் ஆபீஸ் மேசை இழுப்பறையில், பசை டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது. யார் கேட்டாலும் காட்டுவேன். ஆனால் நீங்களேதான் இழுப்பறையைத் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நான் அதைத் தொடமாட்டேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குப் பொறாமை. என் அண்ணிமேல்.

எங்கள் வீட்டில் அண்ணனும், அவன் தங்கச்சி நானும்தான். சின்ன வயதில் இருந்தது ஒரே சைக்கிள். அவன் ஓட்டுவான், கேரியர் என்னுடையது. பிறகு ஸ்கூட்டர் வந்தது. பின் சீட் என்னுடையது. அவன் படித்துப் பல் டாக்டர் ஆனான். அப்போதும் மாலையில் என் பார்சல் ஆபீஸ் வாசலில் வந்து ஹாரன் அடிப்பான். அதற்கப்புறம் அண்ணி பல்வலி என்று அவனிடம் வந்தாள். மூன்று தடவை வந்தாள். நான்காவது தடவை பல்லில் ஒன்றுமில்லாமலே வந்தாள். அதோடு என் சீட் போயிற்று. அன்றிலிருந்து நான் பஸ்.

போகட்டும் என்று ஆறு வருடம் இருந்துவிட்டேன். அந்தக் கார் வராமல் இருந்திருந்தால் இன்னும் இருந்திருப்பேன்.

கருநீல ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாக இருக்கும். மொத்தமே இரண்டு சீட். கூடுதல் பணம் கட்டினால் கிடைக்கும் வசதிகள் என்று ஒரு நீளப் பட்டியல் கொடுத்தார்களாம். அண்ணன் ஒன்றைக்கூட விடாமல் டிக் அடித்திருக்கிறான். அதில் ஒன்றுதான் பக்கத்து சீட். உட்காருகிறவரின் எடையை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். அவருக்குத் தகுந்தபடி முன்னே பின்னே நகரும், முதுகைத் தாங்கும், குளிரூட்டும். யார் வந்தார்கள் என்று அண்ணனின் போனிலும் காட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு ரவுண்டு கூட்டிப்போனான். இரண்டே சீட் என்பதால் அண்ணி கேட் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் ஏறி உட்கார்ந்தபோது மணி மாலை 5:22.

"புதிய பயணி. பதிவு செய்யலாமா?" என்றது ஒரு பெண் குரல்.

அண்ணன் திரையைத் தட்டினான்.

"பயணி இரண்டு. பதிவாகிவிட்டது."

பயணி ஒன்று யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பதினெட்டு நிமிடம் சுற்றினோம். அந்த சீட் என் முதுகை எப்படித் தெரிந்துவைத்திருந்ததோ... அப்படியே ஏந்திக்கொண்டது. திரும்பி வந்து நின்றதும் அண்ணி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"போதும், இறங்கு. மருந்துக் கடை மூடிடுவான்."

எனக்கு இறங்க மனசே வரவில்லை. இது என் இடம், என் இடம் என்று உள்ளே ஒன்று அடம்பிடித்தது. வயிறு எரிந்தது. எப்படியோ இறங்கி நின்றேன். கார் போன பிறகும் நின்றுகொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை 7:55. எங்கள் ஆபீஸ் வாசலில் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. நான் போய் நின்றேன். திறக்கவில்லை. கையை ஆட்டினேன். பின்னால் போய் மறுபடி வந்தேன். ம்ஹூம். ஆபீஸில் எனக்கு எதிர்க் கவுண்டரில் உட்காருகிறவள் பின்னாலேயே வந்தாள், உடனே திறந்தது.

"என்ன, வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே உன்னைத் தூக்கிட்டாங்களா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்த நாளும் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும். ஆள் வைத்துப் பழுது பார்த்தார்கள். மற்றவர்கள் எல்லோருக்கும் திறந்தது. எனக்கு மட்டும் யாராவது கூட வர வேண்டியிருந்தது.

இன்னொன்று. காலை எட்டு மணிக்குக் கவுண்டரைத் திறப்பேன். 8:12க்கு, இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை, குறுக்கே ஓர் அழுத்தம். கயிறு போட்டு இழுத்துக் கட்டியதுபோல. இருபது நிமிடம் இருக்கும், விட்டுவிடும். வாரநாள்களில் தவறாமல் வந்தது. மருந்துக் கடைக்காரர் வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்தார். விழுங்கினேன். அது நிற்கவில்லை.

இரண்டாவது வாரம் அண்ணி போன் செய்தாள். குரலில் அழுகை.

"அந்தச் சனியன் புடிச்ச கார் என்னை அசிங்கப்படுத்துது."

"என்ன பண்ணுது அண்ணி?"

"நான் உட்கார்ந்தா, 'இருக்கையில் ஒருவர் மட்டும் அமரவும்'னு சொல்லுது. ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும்! என்னைப் பார்த்தா ரெண்டு ஆள் மாதிரியா இருக்கு?"

"சேச்சே. அதுக்கென்ன தெரியும், விடுங்க."

போனை வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். என் உச்சி குளிர்ந்துபோயிற்று. இவ்வளவு சொல்கிறேன், இதையும் சொல்லிவிடுகிறேன்: அன்றைக்கு அந்தக் காரை எனக்குப் பிடித்துப்போனது.

நான்காவது வாரம் அடுத்த போன். இந்தத் தடவை அழுகை இல்லை. அதுதான் மோசம்.

அண்ணனின் போனை அண்ணி பார்த்திருக்கிறாள். அவன் கிளினிக் போகும் ஒவ்வொரு காலையும், 8:12க்கு, பக்கத்து சீட்டில் ஆள். பயணி இரண்டு. பெல்ட்டும் போட்டிருக்கிறாள்.

அண்ணன் என்னென்னவோ சொல்லியிருக்கிறான். சீட் காலிதான், காலி சீட்டுக்கே ஆள் இருக்கிறதென்று அலாரம் கத்துகிறது, சத்தம் தாங்காமல் வெறும் சீட்டுக்கு நானே பெல்ட்டை மாட்டிவிட்டுப் போகிறேன், பயணி இரண்டு என்பது என் தங்கச்சியின் பதிவு... அவன் சொன்னதெல்லாம் உண்மை. உண்மை அவ்வளவு பொய்யாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"நீ அவர்கூட தினமும் வர்றியா?" என்றாள் அண்ணி.

"நானா? எனக்கு எட்டு மணிக்கே கவுண்டர் அண்ணி."

அதோடு நிறுத்தியிருக்கலாம். சீட் கெட்டுப்போயிருக்கும் அண்ணி, அண்ணன் அப்படிப்பட்டவன் இல்லை என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். எனக்குத் தெரியும், என் அண்ணன் அப்படிப்பட்டவன் இல்லை. ஆனால் என் நாக்கு வேறு மாதிரி புரண்டது.

"மனுஷங்கதான் பொய் சொல்வாங்க அண்ணி. மிஷின் எதுக்குச் சொல்லப்போகுது?"

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. பிறகு போன் துண்டிக்கப்பட்டது. நான் அந்த வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தேன்.

எட்டு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை.

மாலை 6:20க்கு அண்ணி பெட்டியைக் கட்டிவிட்டாள். அம்மா வீட்டுக்கு. திரும்பி வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். அண்ணன் கெஞ்சியிருக்கிறான். போவதற்கு முன் என் தங்கச்சியை நேரில் வைத்து ஒரு வார்த்தை கேட்டுவிடு, பிறகு நானே உன்னைக் கொண்டுபோய் விடுகிறேன் என்று. அரைமனதாக ஏறினாள்.

இனி நான் சொல்வது அண்ணி பிறகு என்னிடம் சொன்னது.

உட்கார்ந்ததும் பெல்ட்டை இழுத்தாளாம். எட்டவில்லை. தினமும் எட்டுகிற பெல்ட். அன்று அவள் மடிமேல் இருந்த எதையோ சுற்றிக்கொண்டு வருவதுபோல, ஒரு முழம் குறைந்தது. மூச்சைப் பிடித்து இழுத்து மாட்டினாள்.

"இருக்கையில் ஒருவர் மட்டும் அமரவும்."

6:29. மழை தூறியது.

"இருக்கையில் ஒருவர் மட்டும் அமரவும்."

அவள் தொடைகள் மரத்துப்போயின. ஒரு பிள்ளையை வெகுநேரம் மடியில் வைத்திருந்தால் மரக்குமே, அப்படி.

6:36. கண்ணாடியெல்லாம் மூடியிருந்தது. ஆனாலும் அவள் முகத்தில் என்னவோ பட்டுப் பட்டு விலகியது.

முடி.

அவளுடையது பின்னால் கொண்டை போட்டிருந்தது.

"நிறுத்துங்க," என்றாள்.

"இதோ, வந்துடுச்சு..."

"இருக்கையில் ஒருவர்..."

6:41. என் வீட்டு வாசல். அண்ணன் பிரேக் போட்டான்.

கதவு திறந்தது.

அவள் திறக்கவில்லை.

மடியில் இருந்த கனம்... இறங்கிப் போனது.

அதே 6:41க்கு நான் எங்கே இருந்தேன்? மாடியில் என் அறையில், பிளாஸ்டிக் நாற்காலியில். உட்கார்ந்து அரைமணி நேரமாகியிருந்தது. சுவரில் மணி பார்த்தேன், அதனால் நேரம் தெரியும்.

படியில் காலடிச் சத்தம். ஒரே ஆள். தட்... தட்... தட்... வேகமாக.

கதவு தட்டப்படவில்லை.

என் நாற்காலி கிறீச்சென்றது. அதன் நான்கு கால்களும் மெல்ல விரிந்தன. ஓர் ஆள் அப்போதுதான் வந்து உட்கார்ந்ததுபோல.

நான் அதில் அரைமணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்!

உடம்பு கனத்தது. கை கனத்தது. கண்ணிமைகூடக் கனத்தது. என் முடியில் மழை ஈரம் இருந்தது.

பிறகுதான் அவர்கள் இருவரும் படியேறி வந்தார்கள். அண்ணன் கையில் பெட்டி. அண்ணியின் முகம் வெளுத்திருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தான். சின்ன வயதில் அவன் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட அன்றைக்கு அப்படி ஒரு பார்வை பார்த்தான். அதற்கப்புறம் நான் அதைப் பார்த்ததில்லை.

என்னவென்று சொல்லத் தெரியவில்லை. ஒரு மாதமாக உள்ளே புகைந்துகொண்டிருந்தது சட்டென்று அணைந்துவிட்டது. அந்த இடத்தில் வெட்கம்தான் இருந்தது.

"நான்தான் அண்ணி," என்றேன். "தினமும் நான்தான் வந்தேன்."

"அன்னிக்கு இல்லேன்னு சொன்ன?"

"நீங்க கோவிப்பீங்கன்னு பொய் சொன்னேன். அண்ணாகிட்டயும் சொல்லாதேன்னு சொல்லியிருந்தேன். பஸ்ல நிக்க முடியல அண்ணி."

அண்ணன் வாயைத் திறந்தான். நான் முறைத்தேன். மூடிக்கொண்டான்.

அண்ணி என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "லூசு! கேட்டா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். பெட்டி வந்த வழியே வீடு திரும்பியது.

ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னோம் என்று நான் நிம்மதியாக இருந்தேன். மறுநாள் 7:55க்கு ஆபீஸ் கதவு எனக்குத் திறந்தது. 8:12க்கு வலி வரவில்லை.

பதினைந்து நாள் கழித்து அண்ணன் என் கவுண்டருக்கு வந்தான். பார்சல் ஒன்றும் இல்லை. ஒரு காகிதத்தை மட்டும் நீட்டினான். சீட்டைச் சரிபார்க்கக் காரை சர்வீஸுக்கு விட்டிருக்கிறான். மெக்கானிக் சீட்டின் பதிவை முழுசாக எடுத்துக் கொடுத்திருக்கிறார். போனில் தெரிவது கொஞ்சம்தானாம். இதில் எல்லாமே இருக்கும்.

"சீட்ல ஒரு பழுதும் இல்லையாம்," என்றான். "படி."

படித்தேன்.

அண்ணி உட்கார்ந்த நேரங்களில் எல்லாம் எடை நூற்றொன்பது கிலோ. அண்ணியின் எடை அறுபத்திரண்டு.

என் எடை நாற்பத்தேழு.

அதற்குக் கீழே ஒரு வரி.

பயணி இரண்டு. அமர்ந்தது: ஞாயிறு, மாலை 5:22.

இறங்கியது: திங்கள், மாலை 6:41.

நடுவில் முப்பத்தாறு நாள். அத்தனை காலையும். அத்தனை ராத்திரியும், பூட்டிய ஷெட்டுக்குள், அணைத்து வைத்த காரில்... நான் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அண்ணன் அந்தக் காரை விற்றுவிட்டான். அண்ணிக்கு இதுவரை நாங்கள் சொல்லவில்லை. இது நடந்து இரண்டு வருடமாகிறது. இனிமேல் எவர் எது வாங்கினாலும் மனசாரச் சந்தோஷப்படுவது என்று முடிவு செய்தேன். முடிந்தவரை அப்படித்தான் இருந்தேன்.

நேற்று சாயங்காலம் எதிர்க் கவுண்டர்க்காரி தன் புது வீட்டைக் காட்டக் கூட்டிப்போனாள். சொந்த வீடு. ஏழாவது மாடி. பால்கனியில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட ஒரு கூடை நாற்காலி. சும்மா உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து ஊரே தெரிந்தது. நானோ இன்னும் அதே ஒற்றை அறையில்... எழுந்திருக்க மனசே வரவில்லை.

இன்று காலை 7:55. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

கையை ஆட்டினேன்.

பின்னால் போய் மறுபடி வந்தேன்.

எதிர்க் கவுண்டர்க்காரி மெதுவாக நடந்து வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல," என்றாள். "காத்தே இல்ல. அந்தக் கூடை நாற்காலி விடிய விடிய ஆடிட்டே இருந்துச்சு."

அவளுக்குக் கதவு திறந்தது.