தொண்ணூற்றிரண்டு திரைகள்

2024 ஜூலை 8, திங்கட்கிழமை, காலை மணி 10.40. முந்தின மாலை தூறிய மழை காய்ந்து, காற்று அசையாமல் புழுங்கியது. மின்விசிறி ஐந்தில் சுற்றியும் சட்டை முதுகில் ஒட்டியது. செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், என் பழைய கணினியில், ‘அச்சிடு’ என்ற பொத்தானை அழுத்தினேன். பி.டி.எஃப். கோப்பு ஒன்று வந்தது. திறந்தால் வெற்றுப் பக்கம்.

விஷயம் இதுதான். ஏப்ரல் முதல் வாரம் என் மனைவியின் சர்க்கரையைப் பார்த்த டாக்டரம்மா மூன்று மாத அவகாசம் கொடுத்திருந்தார். தினமும் வீட்டிலேயே பார்த்து எழுதி வர வேண்டும். காலையில் போடும் மாத்திரைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு இறங்காவிட்டால் இன்சுலின் ஊசி. என் மனைவிக்கு வலியைப் பற்றிப் பயமில்லை. அவளுடைய அக்கா பதினோரு வருடம் ஊசி மருந்தை ஐஸ் டப்பாவில் வைத்துக்கொண்டு, போகிற கல்யாண வீட்டிலெல்லாம் ஃபிரிட்ஜ் எங்கே என்று தேடி அலைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்.

“ஊசி ஆரம்பிச்சாங்கன்னா நான் எங்கயும் வரமாட்டேன். கோயம்புத்தூருக்கு உங்க பொண்ணப் பாக்க நீங்க மட்டும் போய்ட்டு வாங்க” என்று ஏப்ரலிலேயே சொல்லிவிட்டாள்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் போதும் என்றுதான் டாக்டர் சொன்னார். நான் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் 27 வருடம் புரோகிராம் எழுதியவன். அந்தக் காலத்து நிரலாக்க மென்பொருள் இன்னும் என் கணினியில் இருக்கிறது. ஏப்ரல் 7 அன்று உட்கார்ந்து 4 மணி 10 நிமிடத்தில் ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு நாளுக்கு ஒரு திரை. மேலே தேதி. நடுவில் ஐந்து கட்டங்கள்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு இரண்டு எண்கள், எடை. கீழே ‘குறிப்பு’ என்று ஒரு நீளப் பெட்டி. சாப்பாட்டில் ஏதாவது விசேஷம் இருந்தால் எழுதலாம் என்று வைத்தேன். நாளடைவில் அன்றன்று தோன்றியதையெல்லாம் அதில் எழுதினேன். எதையும் எழுதி வைக்காவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது.

ஜூலை 7 வரை 92 நாட்கள், 92 திரைகள். புதன்கிழமை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

முறையாக அட்டவணை போட்டு அச்சிடத்தான் முதலில் பார்த்தேன். அந்தப் பழைய மென்பொருள் திரையில் தமிழை ஒழுங்காகக் காட்டும். அட்டவணையாக அச்சிடும்போது தமிழ் எழுத்துகள் அத்தனையும் கேள்விக்குறிகளாகிவிடும். ‘வெறும் வயிறு’ என்பதற்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிகளைக் கண்டால் டாக்டர் என்ன நினைப்பார்? அதனால் திரையையே படமாகப் பிடித்து பி.டி.எஃப்.பில் ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். படத்தில் தமிழ் தமிழாகவே இருக்கும்.

வெற்றுப் பக்கம் வந்ததற்குக் காரணம் கண்டுபிடிக்க 50 நிமிடம் ஆனது. திரை முழுவதும் வரையப்படும் முன்பே என் புரோகிராம் அவசரப்பட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அரை விநாடி பொறுக்கச் சொன்னேன், படம் வந்தது. ஆனால் வலது ஓரம் வெட்டுப்பட்டு, எடையில் கடைசி இலக்கத்தைக் காணோம். தாளைக் குறுக்காகத் திருப்பினேன். பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் கோப்புக்கு என்ன பெயர் என்று கேட்டது. 92 தடவை பதில் சொல்ல என்னால் ஆகாது என்று அதற்கும் நான்கு வரி எழுதினேன்.

மனைவி காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள். “ரெண்டு வரி கையால எழுதியிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்.”

“ரெண்டு வரி இல்ல. 460 எண்.”

“ஆமா, எண்ணுங்க. நான் எத்தன தடவ மூச்சு விட்டேன்னும் எழுதியிருக்கீங்களா?”

கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாலை 4.15-க்கு 92 பக்கங்களும் ஒரே கோப்பில் சேர்ந்தன. பழைய பதிவை ஒரு பக்கமும் பி.டி.எஃப்.பை ஒரு பக்கமும் வைத்து 460 எண்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. சாப்பாட்டுக்குப் பின் சராசரி 214. ஊசிக்குப் போதுமான எண் அது. அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் பென்டிரைவை எடுத்துக்கொண்டு கேம்ப் ரோடு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் தாள்களை அடுக்கிக்கொண்டே ஒன்றிரண்டைப் படித்தார். சிரிப்பை அடக்க முடியாமல் என்னைப் பார்த்தார்.

“இன்னா சார், உங்க வூட்லயும் இதே கதைதானா? நீங்க எழுதி வெச்சிகினு கீறீங்க, நாங்க வாங்கிக் கட்டிகினு கீறோம். அவ்ளோதான் வித்தியாசம்.”

அவர் வீட்டிலும் யாருக்கோ சர்க்கரை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, “மாத்திரைய விடாம குடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை கிழக்குத் தாம்பரத்தில் டாக்டரின் அறை. எங்களுக்கு முன்னால் 14 பேர். சுருள் கம்பி போட்ட என் புத்தகத்தை வாங்கி டாக்டர் புரட்டினார். எண்களைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் இறுகியது. என் மனைவி புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆவரேஜ் எவ்வளவு சார்?”

“214” என்றேன்.

“ம்” என்றார். பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு பக்கத்தில் நின்றார். “சார், இது என்ன? ‘காலை 11.20. காரணமில்லாமல் கோபம். காபி டம்ளரை நங்கென்று வைத்தாள்.’”

என் காது சூடாகிவிட்டது. திரையைப் படமாகப் பிடித்தால் திரையில் உள்ளது எல்லாம்தானே வரும்? 460 எண்களைப் பார்த்தவன் ஓர் எழுத்தைக்கூடப் பார்க்கவில்லை.

என் மனைவி மெல்லத் தலையைத் திருப்பினாள். டாக்டர் படித்துக்கொண்டே போனார். “‘11.45. தினத்தாளை ஒழுங்காக மடிக்கவில்லை என்று திட்டு. 12 மணிக்கே சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். மூன்று கரண்டி சாதம்.’ ‘11.10. பேசவில்லை. கேட்டால் அழுகை. பிறகு அகோரப் பசி.’”

“மூணு மாசமா என்னப் பத்தி எழுதிக்கிட்டு இருந்தீங்களா?” என்றாள் என் மனைவி. சத்தமாகக்கூட இல்லை.

“அது... சாப்பாட்டுக் குறிப்பு...”

“நங்குன்னு வச்சது சாப்பாடா?”

டாக்டர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். “அம்மா, ஒரு நிமிஷம். இந்தக் கோபம் வரும்போது உங்களுக்கு வேர்க்குமா? கை நடுங்குமா?”

“வேர்க்கும் டாக்டர். வெயில்னு நெனச்சேன். கை லேசா ஆடும். ஏதாவது வாயில போட்டாதான் அடங்கும்.”

டாக்டர் முதல் பக்கத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தார். கோபம் என்று இருந்த ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு டிக் போட்டார். நானும் மனதுக்குள் எண்ணினேன். 31. அதில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் மட்டும் 26.

“சார், நீங்க காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு பாக்கறீங்க. நடுவுல சர்க்கரை தாழ்ந்து போகுதுன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. காலை மாத்திரை இவங்களுக்கு அதிகமா இருக்கலாம். லோ ஆனா கோபம் வரும், பசி வரும். பசில நெறய சாப்பிட்டா மத்தியானம் ஏறத்தான் செய்யும். நம்பர மட்டும் பாத்திருந்தா இன்னிக்கே ஊசி எழுதியிருப்பேன்.” மூன்று நாள் காலை 11.15-க்குச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். 70-க்குக் கீழே தாழ்ந்திருந்தால் காத்திருக்காமல் சர்க்கரை கரைத்துக் கொடுக்கச் சொன்னார். பேனாவை மூடினார்.

ஆட்டோவில் வரும்போது என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. மணி 1.20, சர்க்கரையைக் காரணம் சொல்ல முடியாத நேரம்.

வியாழன் 58. வெள்ளி 61. சனி 64. மூன்று நாளும் என் கையால் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன். முதல் நாள் கரண்டி டம்ளரில் மோதிச் சத்தம் போட்டது. குடித்துப் பத்து நிமிடத்தில் அவள் முகம் தெளிந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இந்த மூன்று மாதமும் அந்த நேரத்தில் நான் கணினியில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை டாக்டர் காலை மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். பதினொரு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிடச் சொன்னார். “ஊசியைப் பத்தி இப்போதைக்குப் பேச வேண்டாம். அடுத்த மாசம் பாப்போம்” என்றார்.

வெளியே வந்ததும் என் மனைவி, “சாப்பிட்டுட்டுப் போலாம்” என்றாள். ஓட்டலில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்தது. அவள் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“இருபத்தாறு மாத்திரைனால. மீதி அஞ்சு?”

“அது... வேற நேரம்.”

“அஞ்சும் படிச்சேன். ஏப்ரல் 27, சாயங்காலம். ‘அர்த்தமில்லாத சண்டை’ன்னு போட்டிருக்கீங்க. பேசிக்கிட்டு இருக்கும்போதே பால் கவர எண்ணப் போனீங்க. அது சுகர் இல்லங்க. அது நீங்க.”

“அந்தக் குறிப்புப் பெட்டிய எடுத்துடறேன்.”

“எதுக்கு? அதுதான காப்பாத்துச்சு. இருக்கட்டும். ஆனா எழுதறதுக்கு முன்னாடி என்ன ஒரு தடவ பாருங்க. என்னாச்சுன்னு கேளுங்க. அப்புறம் எழுதுங்க.” இலையில் சாதத்தைக் கொஞ்சமாகத் தள்ளிவைத்துவிட்டு, “ஆகஸ்ட்ல கோயம்புத்தூருக்கு டிக்கெட் பாருங்க. ரெண்டு பேருக்கும்” என்றாள்.

டிக்கெட் தனிக் கணக்கு. அச்சிட 92 பக்கம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 184. சுருள் கம்பி 40. இரண்டு தடவை ஆட்டோவில் போய்வர 480. டாக்டருக்கு முதல் தடவை 400, இரண்டாம் தடவை அவர் வாங்கவில்லை. சர்க்கரை சோதனைப் பட்டை ஒரு டப்பா 575. ஓட்டலில் இரண்டு சாப்பாடு 310. ஆக மொத்தம் ரூ. 1,989.